கியர் மாறும்போது கார் வெட்டினால்: பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர் பட்டறைக்குள் வந்து "வண்டி வெட்டுகிறதுங்க" என்று சொன்னால், விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே பானெட்டைத் திறப்பதில்லை. "எப்போதெல்லாம் வெட்டுகிறதுங்க?" என்று கேட்கிறார். காலையில் எடுத்ததுமா, அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா? முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு ஏறும்போதா, சிக்னலில் நிற்கப்போகும்போதா? ஏற்றத்திலா, சமதளத்திலா, ரிவர்ஸிலா? இதற்குப் பதில் இல்லாமல் "எப்போதுமே அப்படித்தான்" என்பவர் தலையில்தான் பெரும்பாலும் தேவையற்ற செலவு விழுகிறது. வெட்டு, அதாவது வண்டி திடீரென உலுக்கி இழுப்பது, ஓர் அறிகுறி மட்டுமே. அது கியர் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தக் கட்டுரை ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு. கொங்கு நாட்டில் அப்படிச் சொல்லிக்கொள்வதே சற்றுக் கூச்சமான விஷயம்தான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் சீமை இது. கோவையின் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் லேத்துப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. கிணற்று மோட்டாரைத் தோட்டத்து நிழலிலேயே பிரித்துப் பூட்டிவிடும் விவசாயிகளும் உண்டு. கழற்றித்தான் பார்ப்போமே என்கிற அந்தத் துணிச்சல் மோட்டாருக்குச் சரி. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஆகாது. அதற்குள் இருக்கும் வால்வுகள் மிக நுண்ணியவை. துணுக்குத் தூசி உள்ளே போனாலும் சிக்கிக்கொள்ளும். ஆகவே கழற்றாமலே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்போம். நிறையவே தெரிந்துகொள்ளலாம்.

நான்கில் உங்களுடையது எது?

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும், சின்னக் கார்களில் அந்தப் பெயருக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் பழுதாக இருப்பது இன்னொன்றில் இயல்பு. இதைப் பிரித்துக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

முதலாவது ஏ.எம்.டி. 2014 பிப்ரவரியில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி செலேரியோ இதைக் கொண்டுவந்த பிறகுதான், மேனுவல் காரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும், கிளட்ச் மிதிக்கும் தொல்லை விட்டது என்ற நிலை நம் ஊருக்கு வந்தது. வேகன் ஆர், டியாகோ, க்விட் என்று பின்னால் பல வண்டிகள் வந்தன. உள்ளே இருப்பது நாம் பழகிய மேனுவல் கியர் பெட்டியேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட், அதே பல்சக்கரங்கள். இடது கால் செய்த வேலையையும் இடது கை செய்த வேலையையும் ஆக்சுவேட்டர் என்னும் கருவி செய்கிறது. எப்போது செய்ய வேண்டும் என்பதைச் சிறு கம்ப்யூட்டர் ஒன்று தீர்மானிக்கிறது. கியர் மாறும் அந்த நொடியில் கிளட்ச் பிரிகிறது, இழுவை நிற்கிறது, மீண்டும் சேர்கிறது. உட்கார்ந்திருப்பவர் தலை லேசாக முன்னே போய்ப் பின்னே வரும். இதைப் பழுது என்று எண்ணி பட்டறைக்குப் பட்டறை அலைபவர்கள் இருக்கிறார்கள். பழுதல்ல, பிறவிக் குணம். கியர் மாறப்போகிறது என்று தோன்றும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினால் முக்கால்வாசி ஆட்டம் அடங்கிவிடும்.

இரண்டாவது டார்க் கன்வர்ட்டர். பிரெஸ்ஸாவில் வரும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இந்த வகை. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த ஒரு கூடு இருக்கிறது. இன்ஜின் அதற்குள் ஓர் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்ற, அது வீசியடிக்கும் எண்ணெய் எதிரில் உள்ள சக்கரத்தைச் சுழற்றுகிறது. கியர்களை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தம்தான். எந்த வழியில் எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை சோலினாய்டு வால்வுகள் கவனித்துக்கொள்கின்றன. நல்ல நிலையில் இருந்தால் கியர் மாறுவதே தெரியாது. தெரிய ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது சி.வி.டி. ஹோண்டா அமேஸ் பெட்ரோலில் இருப்பது. இரண்டு புல்லிகளும் அவற்றை இணைக்கும் இரும்பு பெல்ட்டும்தான் அடிப்படை. படிப்படியான கியர் கிடையாது. அழுத்தி மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நிதானமாகப் பின்னாலேயே வேகம் பிடிக்கும். அது இயல்பு. சில மாடல்களில் ஓட்டுபவரின் திருப்திக்காகப் படிகள் இருப்பதுபோல் மென்பொருள் காட்டும், அவ்வளவுதான். ஆகவே சி.வி.டி. வண்டி "கியர் மாறும்போது குலுங்குகிறது" என்று ஒருவர் சொன்னால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நான்காவது இரட்டைக் கிளட்ச், அதாவது டி.சி.டி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. ஆல்ட்ரோஸில் இருப்பது எண்ணெயில் நனைந்த ஈரக் கிளட்ச், போலோ ஜி.டி.யில் வந்த ஏழு கியர் பெட்டி உலர் கிளட்ச். நெடுஞ்சாலையில் இதற்கு இணை இல்லை. ஆனால் உலர் கிளட்சுக்கு நெரிசல் பிடிக்காது. காந்திபுரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறி, முதல் இரண்டு கியர்களில் நடுங்க ஆரம்பிக்கும். பிரேக்கைப் பட்டும் படாமலும் வைக்காமல் நன்றாக அழுத்தி நின்றால் கிளட்ச் முழுவதும் பிரிந்து ஓய்வெடுக்கும். முன்னால் ஒரு வண்டி நீள இடம் கிடைத்தபின் நகர்ந்தால் போதும்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் கியர் லிவரைப் பாருங்கள். நம் ஊர் ஏ.எம்.டி. வண்டிகளின் லிவரில் பொதுவாக 'பி' என்னும் பார்க்கிங் நிலை இருக்காது. மற்ற மூன்றிலும் இருக்கும். பழைய கார் வாங்குபவர்கள் இதை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும். "ஆட்டோமேட்டிக்தானுங்க" என்று புரோக்கர் சொல்லும் பதில் எதையும் சொல்லாத பதில்.

கியர் பெட்டி நிரபராதியாக இருக்கும் நேரங்கள்

இன்ஜினும் கியர் பெட்டியும் சேர்ந்து வண்டியின் உடலோடு ரப்பர் மவுண்டிங்குகளில் தொங்குகின்றன. ரப்பர் கிழிந்தாலும் இறுகிக் கல்லானாலும் இன்ஜின் துள்ளும். அந்தத் துள்ளல் கியர் வெட்டு போலவே முதுகில் படும். சோதிப்பது எளிது. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் நன்றாக அழுத்திக்கொண்டு ஒருவர் உட்காரட்டும். பானெட்டைத் திறந்து இன்னொருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ வேண்டாம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 'டி'யிலிருந்து 'ஆர்', 'ஆரி'லிருந்து 'டி' என்று மாற்றினால், நல்ல மவுண்டிங் உள்ள இன்ஜின் லேசாகச் சாய்ந்து நிற்கும். கெட்டுப்போனது ஒரு பக்கம் எழும்பி 'தொம்' என்று உட்காரும். இந்தச் சோதனை டார்க் கன்வர்ட்டருக்கும் சி.வி.டி.க்கும்தான் நன்றாகப் பொருந்தும். ஏ.எம்.டி.யில் பிரேக் மிதித்திருக்கும்போது கிளட்ச் பிரிந்தே இருப்பதால் எதுவும் தெரியாது. கம்பியால் நெம்பித்தான் பார்க்க வேண்டும். மவுண்டிங் மாற்றுவது கியர் பெட்டி வேலையின் செலவில் சிறு பங்கு.

அடுத்து இன்ஜினே தடுமாறுவது. ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும், இக்னிஷன் காயில் பலவீனமானாலும், இன்ஜினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடியில் கரி படிந்தாலும் இழுவை விட்டுவிட்டு வரும். இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கியரை மாற்றுகிறது. கணக்கு தப்பானால் மாற்றும் நேரமும் தப்பும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளை ஒட்டிய சாலையில் தினமும் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்னதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. குறைந்த வேகத்தில் மட்டும் அவ்வப்போது ஒரு இழுப்பு தெரிந்தால் ஏ.சி.யை அணைத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். சின்ன இன்ஜினில் ஏ.சி. கம்ப்ரஸர் சேரும் கணமே ஒரு குத்துப் போலத் தெரியும்.

பேட்டரியைப் பலர் நினைப்பதே இல்லை. ஏ.எம்.டி.யின் ஆக்சுவேட்டர் முழுக்க மின்சாரத்தை நம்பியது. சில வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் 'ஙீ' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆக்சுவேட்டரின் பம்பு அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் ஓசை அது. மூன்று நான்கு ஆண்டு ஓடிய பேட்டரி தளர்ந்துபோனால் கியர் விழத் தாமதமாகும், விழாமலும் போகும், நியூட்ரல் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பேட்டரியைச் சுமை கொடுத்துச் சோதித்த பிறகுதான் ஆக்சுவேட்டரைக் குறை சொல்ல வேண்டும்.

சரிவில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது மட்டும் 'டக்' என்று உலுக்கினால், அது நிறுத்தும் முறையில் உள்ள கோளாறு. 'பி'யில் போட்டதும் பெட்டிக்குள் ஒரு சிறு இரும்பு நாக்கு பல்லில் விழுந்து பூட்டுகிறது. கை பிரேக் இழுக்காமல் 'பி'யை மட்டும் நம்பினால் வண்டியின் எடை முழுவதும் அந்த நாக்கின் மேல் தொங்கும். கால் பிரேக்கில் நின்று, நியூட்ரலில் கை பிரேக்கை இழுத்து, காலை எடுத்து வண்டி நிலைகொண்ட பிறகு 'பி'யில் போடுவதுதான் வரிசை.

எண்ணெய்

டார்க் கன்வர்ட்டரிலும் சி.வி.டி.யிலும் எண்ணெய் வெறும் மசகு அல்ல. சக்தியைக் கடத்துவது, அழுத்தம் கொடுப்பது, சூட்டை வெளியேற்றுவது எல்லாம் அதன் வேலை. அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். 'டி'யில் போட்டதும் ஒன்றிரண்டு நொடி எதுவும் நடக்காமல் பிறகு 'தொப்' என்று கியர் விழும். காலையில் இது அதிகமாகத் தெரியும்.

அளவுக்கோல் இருக்கும் வண்டியானால் ஓடிச் சூடேறிய பின், சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பார்க்கச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, அணைத்த உடனே பார்க்கச் சொல்பவையும் உண்டு. கையேடு சொல்வதுதான் முடிவு. இப்போது வரும் பல வண்டிகளில் கோலே கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியில் உள்ள திருகைக் கழற்றி, வழிவதை வைத்து அளக்கிறார்கள். அது லிஃப்ட்டும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் உள்ள இடத்தில் செய்யும் வேலை.

கோலில் இருப்பதை வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்களில் பெரும்பாலானவை புதிதில் சிவப்பு, சி.வி.டி. எண்ணெயில் பச்சை, நீலம், தேன் நிறம் என்று பலவும் உண்டு. சற்றுக் கறுத்திருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள். கரும்பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகுகின்றன. பளபளவென்று இரும்புச் சில்லு தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடலாம். (வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு போல் மெலிதாக ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.)

எண்ணெய் ரோஸ்மில்க் போல வெளிறிக் குழம்பியிருந்தால் அதுதான் மிக மோசமான செய்தி. பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடுகிறது. அது அரித்து ஓட்டையானால் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். இங்கே நம் பகுதிக்கு ஒரு தனிக் கவலை இருக்கிறது. திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குளியலறைக் குழாயில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே உப்பு அங்கேயும் படியும். இன்ஜினோடு கியர் எண்ணெயும் கொதிக்கும். சிறுவாணித் தண்ணீர்தானே என்று கோவைக்காரர்களும் ஊற்றக் கூடாது. குடிக்க அதற்கு ஈடில்லை. ரேடியேட்டருக்கு வேண்டியது நிறுவனம் சொல்லும் கூலன்ட்.

எண்ணெய் மாற்றுவதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, நிறுவனம் குறிப்பிட்ட வகையைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. சி.வி.டி.யில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கி, பெட்டியே போய்விடும். இரண்டு, திருகைக் கழற்றி வடித்தால் பழைய எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றியதும் முழுக் குணம் தெரியாமல் போகலாம். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றுவது, இயந்திரம் வைத்து ஒரேயடியாகக் கழுவுவதைவிடப் பாதுகாப்பானது என்பது என் கருத்து. 'வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்' என்ற பேச்சை நம் வெயிலிலும் நம் நெரிசலிலும் ஓடும் வண்டிக்கு நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஏ.எம்.டி.யும் மலை ஏற்றமும்

ஏ.எம்.டி.யில் கிளட்ச் தேயும் பொருள். தேயத் தேய அது சேரும் இடம் நகர்ந்துகொண்டே போகும். கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும் இடமும் உண்மையில் சேரும் இடமும் விலகிப்போனால் ஒவ்வொரு கியருக்கும் வெட்டு விழும். ஸ்கேனர் போட்டு அந்த இடத்தை மறுபடி கற்றுக்கொடுப்பதை ரீலேர்னிங் என்கிறார்கள். பெட்டியில் கை வைக்காமல் நடக்கும் வேலை இது. பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். கிளட்ச் புதிதாக மாற்றிய பிறகு இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டால், புதுக் கிளட்ச் பழையதைவிட மோசமாக வெட்டும். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். கற்றுக்கொடுத்தும் சில நாளில் வெட்டு திரும்பினால் கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்திருக்கும், அல்லது ஆக்சுவேட்டரில் எண்ணெய்க் கசிவு இருக்கும்.

கிளட்ச் சீக்கிரம் தீர்வது மலையில். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. வளைவில் மேலிருந்து லாரி இறங்குகிறது, நீங்கள் நிற்க வேண்டும். அப்போது பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டி பின்னால் போகாமல் பிடித்து நிற்பது பலருக்குப் பழக்கம். டார்க் கன்வர்ட்டரில் அதனால் எண்ணெய் சூடாகும். ஏ.எம்.டி.யிலும் உலர் இரட்டைக் கிளட்சிலும் பிளேட்டே உரசிக் கருகும். ஒரு நிமிடத்தில் வாடை உள்ளே வரும், எச்சரிக்கை மணி அடிக்கும். கை பிரேக்கில் நிறுத்தி, ஆக்சிலரேட்டர் கொடுத்து இழுவை சேர்ந்ததும் கை பிரேக்கை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஏறும்போது இன்னொன்றும் நடக்கும். வளைவுக்குள் வேகம் குறைய, பெட்டி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும். திரும்பி முடித்ததும் மூன்றுக்குத் தாவும். இழுக்க முடியாமல் மறுபடி இரண்டு. ஒவ்வொரு தாவலும் ஒரு வெட்டு. பின் இருக்கையில் இருப்பவர் கவரைத் தேட ஆரம்பித்துவிடுவார். லிவரை மேனுவல் நிலைக்குத் தள்ளி இரண்டிலேயே வைத்துக்கொண்டால் வண்டியும் அமைதி, வயிறும் அமைதி. இறங்கும்போதும் அதேதான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் பிரேக்கைக் கொதிக்க வைக்கிறார்.

எது அவசரம், எது பொறுக்கலாம்

கியர் மாறும்போது இன்ஜின் சுழற்சி விர்ரென்று ஏறி, வண்டி வேகம் பிடிக்காமல் இருந்தால் அது வழுக்கல். வெட்டைவிட வழுக்கல் ஆபத்து. ஓட்ட ஓட்டச் சேதம் கூடும். வண்டி திடீரென ஒரே கியரில் பூட்டிக்கொண்டு, எச்சரிக்கை விளக்கோடு மெதுவாக மட்டும் நகர்ந்தால், கம்ப்யூட்டர் பெட்டியைக் காப்பாற்றுவதற்காகத் தானே கட்டுப்பாடு போட்டுவிட்டது என்று அர்த்தம். அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடலாம். ஆனால் காரணம் உள்ளேயேதான் இருக்கும். சூடேறிய பிறகு மட்டும் வரும் வெட்டு எண்ணெயையோ சோலினாய்டையோ காட்டுகிறது. காலையில் முதல் சில நிமிடம் மட்டும் கியர் சற்றுத் தாமதமாக ஏறினால் பெரும்பாலும் பொறுக்கலாம். எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கேனரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பலவும் இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டுமே படிக்கும். அதில் பி0700 என்ற பழுதுக் குறியீட்டு எண் வந்தால் 'கியர் பெட்டியின் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது' என்று மட்டுமே பொருள். எது என்று தெரிய, கியர் பெட்டியின் கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஸ்கேனர் வேண்டும். பி0700-ஐ மட்டும் காட்டி பெட்டியை இறக்க வேண்டும் என்பவரிடம், அடுத்த எண் என்ன என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஆறிய நிலையில் வெட்டும் வண்டியை மதிய வெயிலில் ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதில் பயனில்லை. போய்ச் சேரும்போது அது சாதுவாகியிருக்கும். முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக்கே முதல் சாவியைப் போடட்டும். சூட்டில் வெட்டுவதானால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவிநாசி சாலை சிக்னல்களில் அரை மணி நேரம் சுற்றுங்கள். வெட்டு வரும்போது வேகம், கியர் எண், இன்ஜின் சுழற்சி மூன்றையும் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

வண்டி வழியிலேயே நின்றுவிட்டால், முன் சக்கரங்கள் தரையில் உருள ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பும் ஓடாது. சில கிலோமீட்டரிலேயே உள்ளே காய்ந்து தேயும். மேனுவல் பெட்டியேயான ஏ.எம்.டி. நியூட்ரலில் விழுந்திருந்தால் இதைத் தாங்கும். கியரிலேயே சிக்கிக்கொண்டிருந்தால் தாங்காது. மேடை உள்ள லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். முன் சக்கரங்களைத் தூக்கிச் செல்லும் வண்டி கிடைத்தாலும் போதும்.